ஜி.சி.எஸ்.இ. கணிதம்: எந்த நிலையில் எழுதுவது?

இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் செவ்வாய்தோறும் சந்தை கூடும் மெல்டன் மௌப்ரேயில், இருபாலரும் பயிலும் அரசுப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்து, பதினொன்றாம் வகுப்பின் முடிவில், பதினாறு வயதில் எழுதும் பொதுத்தேர்வான ஜி.சி.எஸ்.இ. எழுதினேன். என்னைப் போலவே பலர் சுற்றுக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். கடைசி மணி அடித்த சிறிது நேரத்தில் பேருந்து கிளம்பிவிடும் என்பதால் மாலைத் திருப்புதல் வகுப்பு எங்களுக்கு எட்டாக்கனி; ஆசிரியரிடம் கேட்டு மதிய உணவு நேரத்தைப் பெற்றுக்கொண்டோம். கேட்டால்தான் கிடைக்கும்; யாரும் பின்னால் நின்று விரட்டுவதில்லை.

கணிதத்தில் ஃபவுண்டேஷன் (எளிய நிலை), ஹையர் (கடின நிலை) என இரு நிலைகள் உண்டு; தரங்கள் 1 முதல் 9 வரை, 9தான் உச்சம். ஃபவுண்டேஷனில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் 5க்கு மேல் தரம் கிடையாது. ஹையரிலோ 9 வரை போகலாம், ஆனால் அடிமட்டத்தில் சறுக்கினால் தரமே இல்லாமல் போகும். அடுத்த கட்டப் படிப்பான ஏ லெவலில் கணிதம் எடுக்க எண்ணுபவருக்கு ஹையரைத் தவிர வழியில்லை. மற்றவர்கள் ஃபவுண்டேஷனைக் கௌரவக் குறைவாக நினைப்பது வீண் என்பேன், ஏனெனில் முக்கியமானது 4, அதை ஃபவுண்டேஷனிலும் எடுக்கலாம்; கணிதத்திலும் ஆங்கிலத்திலும் 4 எடுக்காதவர்கள் பதினாறு வயதுக்குப் பிறகும் அவற்றைத் தொடர்ந்து படித்தாக வேண்டும்.

எனக்கு உண்மையில் பாடம் கற்பித்தது பதினொன்றாம் வகுப்பு மாதிரித் தேர்வு. நான்கு மதிப்பெண் கணக்கொன்றை, நம் ஊர்ப் பழக்கத்தில் மனத்திலேயே போட்டு விடையை மட்டும் எழுதியிருந்தேன். கூட்டலில் ஒன்று பிசகி, கிடைத்தது பூஜ்யம். பக்கத்து இருக்கைப் பெண்ணின் விடையும் தவறுதான், ஆனால் மூன்று வரி செய்முறை எழுதியிருந்ததால் மூன்று மதிப்பெண். எதற்கு எத்தனை மதிப்பெண் என்று சொல்லும் விடைத் திட்டத்தில் எம் என்ற குறி வழிமுறைக்கான மதிப்பெண், ஏ என்ற குறி சரியான விடைக்கான மதிப்பெண். அன்று ஊதா நிறப் பேனாவால் அதே கணக்கைப் படிப்படியாக எழுதித் திருத்தினேன்.

ஏ.க்யூ.ஏ., எடெக்ஸெல் தேர்வு வாரியங்களில் மொத்தம் மூன்று தாள்கள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம், 80 மதிப்பெண். முதல் தாளில் கால்குலேட்டர் கிடையாது. மனக்கணக்குப் பழக்கத்தால் நம்மில் பலர் இதில்தான் தைரியமாக இருந்து, செய்முறையை விட்டுவிடுகிறோம். பழைய தாள்களை விடைத் திட்டத்தோடு சேர்த்தே பாருங்கள். நிலையை மாற்ற நினைத்தால், பிப்ரவரியில் தேர்வுப் பதிவு முடிவதற்கு முன்பே ஆசிரியரிடம் பேசிவிடுங்கள்.