தண்ணீருக்கடியில் படமெடுக்க ஒரு சின்ன கேமரா தேடியபோது

எந்த கேமரா என்பதைவிட, எதைப் படமெடுக்கப் போகிறேன் என்று முடிவு செய்வதற்குத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது. அதில் தெளிவு வந்த பிறகு மற்றதெல்லாம் தானாக நடந்தது. ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஸ்கூபா டைவிங்கில் மிதப்பு நன்றாகக் கட்டுப்படும் வரை கேமராவைத் தொடவே வேண்டாம். கையில் கேமரா வந்துவிட்டால் கவனம் முழுக்க அதன் திரைக்குப் போய்விடும், காலில் மாட்டிய துடுப்பு பின்னால் பவளத்தை உடைப்பதுகூடத் தெரியாது. பல வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்த பவளம் அது.

சரி, முதலில் ஆழம். பெட்டியில் 15 மீட்டர் என்று போட்டிருக்கும் கேமராக்கள் நிறைய கிடைக்கின்றன. மேலே மிதந்தபடி ஸ்நார்க்கெலிங் மட்டும் செய்பவர்களுக்கு அது தாராளம். ஆனால் டைவிங்கின் ஆரம்பச் சான்றிதழே பொதுவாக 18 மீட்டர் வரை போக அனுமதிக்கிறது, கடல் நீரில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடிக்கொண்டே போகிறது, கேமராவின் மூடிகளில் உள்ள ரப்பரும் நாளாக நாளாகத் தேயும். அதனால் டைவ் செய்கிறவர்களுக்கு ஹவுசிங், அதாவது கேமராவை உள்ளே வைத்து மூடும் தண்ணீர் புகாத உறை, இல்லாமல் வேலை நடக்காது என்பது என் முடிவு. விதிவிலக்காக சீலைஃப் மைக்ரோ 3.0 மாதிரி ஒன்று இருக்கிறது: திறக்கவே முடியாதபடி மூடப்பட்டது, 60 மீட்டர் வரை தாங்கும், தண்ணீர் புகுந்துவிடுமோ என்ற கவலையே வேண்டாம். ஜூம் கிடையாது, மெமரி கார்டையோ பேட்டரியையோ நாமே மாற்ற முடியாது. நிம்மதியாகச் சுற்றிப் பார்த்துக்கொண்டே நான்கு படம் எடுத்தால் போதும் என்பவர்களுக்கு நல்ல தேர்வு, நான் தேடியது அது இல்லை.

அடுத்து சென்சார், அதாவது கேமராவுக்குள் ஒளியைப் படமாகப் பதிவு செய்யும் பாகம். சோனி ஆர்எக்ஸ்100 வரிசை, கேனான் ஜி7எக்ஸ் மார்க் 2 போன்றவற்றில் ஒரு இஞ்ச் சென்சார் இருக்கிறது. ஒலிம்பஸ் டிஜி-6, அதற்குப் பிறகு 2023-இல் ஓஎம் சிஸ்டம் பெயரில் வந்த டிஜி-7 ஆகிய சின்ன கேமராக்களில் உள்ள சென்சாரைப்போல அந்த ஒரு இஞ்ச் சென்சாரின் பரப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு. வெளிச்சம் குறைந்த இடத்தில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். இவ்வளவையும் படித்துவிட்டு ஒரு இஞ்ச் சென்சார்தான் என்று கிட்டத்தட்ட தீர்மானித்திருந்தேன். அந்தச் சமயத்தில் கூட டைவ் செய்யும் நண்பர் ஒருவர் ஹவுசிங்கோடு தன் ஒரு இஞ்ச் சென்சார் கேமராவைக் கொடுத்து, ஒரு தடவை கீழே கொண்டுபோய்ப் பாருங்கள் என்றார்.

கோமாளி மீன்கள் அருமையாக வந்தன. அப்புறம் ஒரு பாறை இடுக்கில் விரல் நகம் அளவுக்கு, ஓடில்லாத கடல் நத்தை ஒன்று. அருகே போனால் ஃபோகஸ் பிடிக்கவில்லை, பின்னால் வந்து ஜூம் செய்தால் இன்னும் தூரத்தில் இருந்தால்தான் பிடிப்பேன் என்கிறது. மிக அருகிலிருந்து சின்னப் பொருள்களை எடுக்க உதவும், ஹவுசிங்குக்கு வெளியே மாட்டுகிற மேக்ரோ லென்ஸ் இருந்தால் இது தீர்ந்துவிடும், ஆனால் அதைத் தனியாக வாங்கி, கீழே மாட்டிக் கழற்றிக்கொண்டிருக்க வேண்டும். டிஜி வரிசையில் மைக்ரோஸ்கோப் முறை என்று ஒன்று உண்டு, லென்ஸிலிருந்து 1 சென்டிமீட்டர் வரை நெருங்கினாலும் ஃபோகஸ் ஆகும். பிறகு அதே மாதிரி நத்தையை அதில் எடுத்தபோது, தலையில் கொம்புபோல நிற்கும் இரண்டு உணர்கொம்புகளில் அடுக்கடுக்காக இருக்கும் மடிப்புகள், முதுகில் பூப்போல விரிந்த செவுள் எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தன. அப்போதே முடிவாகிவிட்டது. எனக்குப் பிடித்தது இந்தச் சின்ன உயிர்கள்தான், டிஜி-7-ஐயே வாங்கினேன், கூடவே 45 மீட்டர் வரை போகும் ஹவுசிங்கும்.

இதில் இன்னொரு ஆறுதல், ஹவுசிங்கில் தண்ணீர் கசிந்தாலும் கேமராவே 15 மீட்டர் வரை தாங்கும். குறையும் இருக்கிறது. ஷட்டர் வேகத்தை நாமே வைத்துக்கொள்ளும் முழு மேனுவல் முறை இல்லை, அதனால் சூரியனைப் பின்னணியில் வைத்து விரிந்த காட்சிகளை எடுப்பது கஷ்டம். அகலக் காட்சிதான் உங்கள் ஆசை என்றால் ஒரு இஞ்ச் சென்சார் பக்கமே போங்கள். எந்த கேமராவானாலும் ஹவுசிங்கின் தட்டைக் கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது ஒளிவிலகலால் பார்வைக் கோணம் சுருங்கிவிடும், 25 மிமீ லென்ஸ் தண்ணீருக்குள் ஏறக்குறைய 33 மிமீ மாதிரி நடந்துகொள்ளும்.

பணத்தை எங்கே செலவழிப்பது என்று என்னிடம் கேட்டால், கேமராவில் கொஞ்சம் குறைத்து விளக்கில் போடுங்கள் என்பேன். தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தைத்தான். சில மீட்டர் இறங்கினாலே சிவப்பு மீன் பழுப்பாகவும் சாம்பலாகவும் தெரிய ஆரம்பிக்கும். கேமராவின் நிறச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) மாற்றலாம், கேமரா மெருகேற்றாமல் அப்படியே சேமிக்கும் ரா கோப்பாக எடுத்துப் பிறகு சரிசெய்யலாம், ஆனால் போகப்போக மீட்டெடுக்க அங்கே சிவப்பே மிச்சம் இருக்காது. கேமராவிலேயே உள்ள ஃபிளாஷ், லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் நீரில் மிதக்கும் துகள்களை எல்லாம் ஒளிர வைத்துவிடும், படம் முழுக்க வெள்ளைப் புள்ளி. நீளமான தாங்கியில் பக்கவாட்டில் தள்ளி வைத்த ஒரு ஸ்ட்ரோப் (தனி ஃபிளாஷ் விளக்கு), அதை இயக்க கேமரா ஃபிளாஷிலிருந்து போகும் ஃபைபர் கேபிள், இது போதும். அப்போதும் பொருளுக்கு ஒரு மீட்டருக்குள் போய்விட வேண்டும், தூரத்திலிருந்து எந்த விளக்கும் காப்பாற்றாது.

ஹவுசிங் வந்ததும் கேமராவை உள்ளே வைத்து இறங்கிவிடாதீர்கள். நான் உள்ளே வெறும் டிஷ்யூ காகிதத்தை மட்டும் வைத்து, மேலே தூக்காமல் இருக்க ஒரு சின்ன எடையும் போட்டு, வழக்கமாகப் போகும் ஆழம் வரை கொண்டுபோனேன். மேலே வந்து வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்துவிட்டுத் திறந்தேன், காகிதம் காய்ந்தே இருந்தது. ஹவுசிங்கை இறுக்கி மூடும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் ஒரு தலைமுடியோ மணலோ ஒட்டியிருந்தால்கூடக் கசியும் என்பதால், ஒவ்வொரு முறை மூடும்போதும் விரலால் சுற்றித் தடவிப் பார்க்கிறேன், காய்ந்திருந்தால் அந்த ரப்பருக்கு உரிய கிரீஸை மெல்லிசாகப் பூசுகிறேன். டைவ் முடிந்ததும் திறக்காமல் அப்படியே நல்ல தண்ணீரில் ஊறவைத்து, ஒவ்வொரு பட்டனையும் அமுக்கி உள்ளே மாட்டிய உப்பைக் கழுவ வேண்டும். அகலக் காட்சிக்கான வெளி லென்ஸ் இன்னும் வாங்கவில்லை. ஆமைகளை எடுக்கும் ஆசை வந்தால் அப்போது பார்த்துக்கொள்கிறேன்.