வறண்ட கண்மாயை வரைவது எப்படி

சென்ற ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, யார் வேண்டுமானாலும் வரையவும் திருத்தவும் கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைத் திறந்தேன். என் அப்பா பிறந்த ஊரின் கண்மாய் அதில் இல்லை. தை மாதம் நான் வரைந்து வைத்திருந்த நீல வடிவம் போய், அந்த இடத்தில் புதர்க்காடு என்று குறிக்கும் பச்சை நிறம் இருந்தது. மாற்றங்களின் வரலாற்றைப் பார்த்தேன். தொலைவில் எங்கோ இருக்கும் ஒருவர், கோடையில் எடுத்த செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து, "இங்கே தண்ணீர் இல்லை" என்று குறிப்பெழுதிவிட்டு அழித்திருந்தார்.

அவர் பொய் சொல்லவில்லை. வெடித்த களிமண்ணும் சீமைக்கருவேலமும்தான் அவர் கண்ணில் பட்டிருக்கும். கோபமாக ஒரு பதில் எழுதத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன். எழுத எழுத, தவறு நான் வரைந்ததிலேயே இருப்பது தெரிந்தது. தை மாதத்தில் கண்ட தண்ணீரின் விளிம்பைச் சுற்றி ஒரு கோடு இழுத்து, அதற்குக் கண்மாய் என்று பெயர் வைத்திருந்தேன். தண்ணீர் வற்றியதும் கோட்டுக்குப் பொருள் இல்லாமல் போய்விட்டது.

மானாமதுரைக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் பக்கத்தில், நல்ல மழை பெய்தால் ஐப்பசி தொடங்கி மாசி வரை கண்மாயில் தண்ணீர் நிற்கும். மீதி மாதங்களில் மாடு மேயும், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். அப்போதும் அது கண்மாய்தான். ஊரில் யாரும் அதை வேறு பெயர் சொல்லி அழைப்பதில்லை. கரை இருக்கிறது, வயலுக்கு நீர் விடும் மடை இருக்கிறது, மிகுநீர் வழிந்தோடும் கலுங்கு இருக்கிறது, மேலிருந்து நீர் கொண்டுவரும் வரத்துக்கால் இருக்கிறது, நீர் பரவ வேண்டிய உள்வாய் இருக்கிறது. தண்ணீர் இவற்றைத் தேடி வந்துபோகும் விருந்தாளி. நான் விருந்தாளியை வரைந்துவிட்டு வீட்டை வரையாமல் விட்டிருந்தேன்.

ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்துகிறவள் நான். நிலவரைபடத்தில் நீலம் என்றால் நீர் என்று பத்தொன்பது வருடமாகக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஆண்டு முழுவதும் ஆறு ஓடும் நாட்டுக்கு அந்த விதி பொருந்தும். தமிழ்நாட்டில் 39,000-க்கு மேற்பட்ட ஏரி கண்மாய்கள் உண்டு என்பார்கள். அவற்றில் பெரும்பாலானவை வருடத்தில் பாதி நாள் வறண்டே கிடப்பவை. அவற்றை வரைய வேறு கண் வேண்டும்.

அந்தக் கண் வரப் பிறைவடிவம் உதவியது. வைகைச் சமவெளியில் நிலம் மேற்கிலிருந்து தென்கிழக்காகச் சரிகிறது. ஆகவே கரை கிழக்கிலும் தெற்கிலும் வளைந்து கிடக்கும், மேற்குப் பக்கம் திறந்திருக்கும். செயற்கைக்கோள் படத்தில் ஒரு சொட்டு நீர் இல்லாவிட்டாலும் இந்த வளைவும், அதன் மேல் வரிசையாகப் புள்ளி வைத்தது போன்ற பனைகளும், வளைவுக்கு வெளியே சிறு சிறு கட்டங்களாக வயல்களும் தெரிந்தால் அது கண்மாய். பாரியின் பறம்பு நாட்டில் இருந்த சிறுகுளத்தின் வளைந்த கரையை எட்டாம் நாள் பிறைக்கு ஒப்பிட்டார் கபிலர். பறம்பு என்று கருதப்படும் பிரான்மலை எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. மேலிருந்து படம் எடுக்கும் கருவி எதுவும் இல்லாத காலத்தில் அந்த வடிவத்தை அவர் இவ்வளவு சரியாகக் கண்டுகொண்டது, மடிக்கணினி முன்னால் உட்கார்ந்திருந்த எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது.

வடிவம் கிடைத்துவிட்டது. நீர் எந்தக் கண்மாயிலிருந்து எந்தக் கண்மாய்க்குப் போகிறது என்பதுதான் கடினமாக இருந்தது. உயரத் தரவை வைத்துக் கணினியே நீரோட்டத்தைக் கணக்கிடும் என்று படித்திருந்தேன். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் ரேடார் வைத்துப் பதினொரு நாள் பூமியை அளந்தது. அந்தத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது, ஏறக்குறைய முப்பது மீட்டருக்கு ஒரு புள்ளி. அதை இறக்கி ஓடவிட்டேன். கீழ்க்கண்மாயிலிருந்து மேல்கண்மாய்க்குத் தண்ணீர் ஏறிப் போவதாக ஓர் ஓடை வரைந்து கொடுத்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு இரவு ஆனது. மதுரையிலிருந்து ராமநாதபுரம் நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். அவ்வளவு தூரத்தில் நிலம் கிலோமீட்டருக்குச் சராசரியாக ஒரு மீட்டர் அளவில்தான் இறங்குகிறது. அந்த உயரத் தரவில் இருக்கக்கூடிய பிழையோ பல மீட்டர். போதாக்குறைக்கு, ரேடார் தரையை மட்டும் அளப்பதில்லை. அடர்ந்த கருவேலங்காடு இருந்தால் மரத்தலையையும் சேர்த்து மேடு என்று எடுத்துக்கொள்ளும். மலைநாட்டில் இந்தப் பிழை ஒன்றும் செய்யாது. எங்கள் தட்டை நிலத்தில் ஆற்றையே திருப்பிவிடும். தட்டை நிலம் அளப்பவர்களைப் படுத்துவது புதிதல்ல. 1802-இல் பரங்கிமலை அருகே அடிப்படைக் கோட்டை அளந்து பெரும் நில அளவையைத் தொடங்கிய ஆங்கிலேய அதிகாரி லாம்டன், காவிரிச் சமவெளிக்கு வந்தபோது மரங்களுக்கு மேல் பார்க்கக் குன்றுகள் இல்லாமல் கோயில் கோபுரங்களில் ஏற வேண்டியிருந்தது. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அவருடைய கோணமானியை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதிச் சேதமானது.

நான் பெரியப்பாவிடம் போனேன். எழுபத்தெட்டு வயது. இளமையில் ஊருக்கு நீர்பாய்ச்சியாக இருந்தவர். எந்த மடையை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்பதெல்லாம் அவர் பொறுப்பில் இருந்தது. கேள்வியை நான் முடிக்கும் முன்பே பதில் வந்தது.

"மேல்கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தால்தான் நமக்கு வரும், தாயி. நாம் நிறைந்தால்தான் கீழே இருக்கிறவனுக்குப் போகும். வைகையே அப்படித்தானே, ராமநாதபுரம் பெரிய கண்மாயை நிரப்பிவிட்டு மிச்சம் இருந்தால்தானே கடலுக்குப் போகிறது."

அடுத்த சனிக்கிழமை அவரும் நானும் கரை நெடுக நடந்தோம். கைபேசியில் தடத்தைப் பதிவு செய்துகொண்டே போனேன். திறந்தவெளியில் நான்கைந்து மீட்டருக்குள் அது இடம் காட்டும், கரைக்கு அது போதும். ஒன்றரைக் கிலோமீட்டர் நடக்க இரண்டு மணி நேரம் ஆனது. முள் ஒரு காரணம், பெரியப்பா இடத்துக்கு இடம் நின்றது இன்னொரு காரணம். புளியடி மடை, அய்யனார் மடை, நடுமடை, கடைமடை என்று நான்கு மடைகளின் பெயரைச் சொன்னார். இவை எந்த அரசு ஆவணத்திலும் இருந்து நான் பார்த்ததில்லை. நடுமடைக்கு நேராக உள்வாயில் இரண்டு கல்தூண்கள் நின்றன, குறுக்கே கல் பலகை. அது பழைய குமிழித்தூம்பு, உள்வாய்க்குள்ளேயே இருக்கும் மதகு. அடைப்பை எடுக்க நீருக்குள் மூழ்கியவர்களைப் பற்றி அவர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டேன். கடைமடை மண்மூடிப் போயிருந்தது. காலால் தட்டி, "இங்கேதான்" என்றார். ஒரு புள்ளி வைத்தேன்.

வரத்துக்கால் வழியே மறுவாரம் போனோம். மேல்கண்மாய்க் கலுங்கிலிருந்து முதல் ஒரு கிலோமீட்டர் நன்றாக இருந்தது. பிறகு ஒரு சாலை, அதற்கடியில் ஒற்றைக் குழாய். சாலைக்கு அந்தப் பக்கம் வண்ணக் கற்கள் நட்டு மனை பிரித்திருந்தார்கள். ஒரு வண்டி இறங்கி ஏறும் அகலம் இருந்த கால் என்று பெரியப்பா சொன்னது அங்கே நான் தாண்டிவிடக்கூடிய சாக்கடையாக இருந்தது. அவர் அந்த இடத்தில் எதுவும் பேசவில்லை. வீடு வரும் வரைக்கும் பேசவில்லை.

தமிழ்நாட்டில் 2007 முதல் ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தனிச் சட்டம் இருக்கிறது. வருவாய்த்துறைப் பதிவேட்டில் 'கண்மாய் புறம்போக்கு' என்று சர்வே எண்ணோடு பதிவு இருக்கும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் நான் போடும் கோட்டுக்கு அந்தச் சட்ட வலிமை கிடையாது, அதை நன்றாக அறிவேன். ஆனால் மனை வாங்க வருகிறவர் பதிவேட்டைப் பார்ப்பதற்கு முன் கைபேசியைத்தான் பார்க்கிறார். அங்கே வெற்றிடமாகத் தெரிந்தால் அவர் மனத்திலும் வெற்றிடம்தான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைத் தெருக்களில் எங்கே நீர் நிற்கிறது என்று மக்களே குறித்துக் கொடுத்தது இதே வரைபடத்தின் மேல்தான். ஏரியும் வரத்துக்காலும் மழைக்கு முன்பே எல்லோர் கைபேசியிலும் தெரிய வேண்டும் என்று விரும்புகிறேன்.

இப்போது கண்மாயைப் பகுதி பகுதியாக வரைந்திருக்கிறேன். உள்வாய் முழுவதற்கும் ஒரு பரப்பு, அதில் ஆண்டு முழுவதும் நீர் நிற்காது என்ற குறிப்பு. கரை தனிக் கோடு. மடைகள் தனிப் புள்ளிகள், பெரியப்பா சொன்ன பெயர்களோடு. வரத்துக்காலில் சாலைக்கு அடியில் குழாய் இருக்கும் துண்டு தனி. உள்வாயின் எல்லைக்கு, மழை நின்றபின் ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் எடுத்த படங்களை எடுத்துக்கொண்டேன். அவை ஐந்து நாளுக்கு ஒருமுறையாவது கடக்கின்றன, பத்து மீட்டர் நுணுக்கம், யாரும் பார்க்கலாம். அகச்சிவப்பு அலையைச் சேர்த்துப் பார்த்தால் நீர் கறுப்பாகவும் பச்சைப் பயிர் சிவப்பாகவும் தெரியும். சித்திரையில் வயல்களெல்லாம் வெளுத்த பிறகும் உள்வாயில் சிவப்பு மிச்சம் இருந்தால் அது சீமைக்கருவேலம். இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மைக்ரோசாப்டின் பிங் செயற்கைக்கோள் படத்தின் மேல் வரைய அனுமதி உண்டு, கூகுள் வரைபடத்தைப் பார்த்து வரைய அனுமதி இல்லை. ஆசையில் அதை மீறிவிட்டால் பிறகு நம் உழைப்பையே அழிக்க வேண்டி வரும்.

அழித்த நண்பருக்கு மார்கழிப் படத்தையும் சித்திரைப் படத்தையும் அருகருகே வைத்து அனுப்பினேன். மறுநாளே மன்னிப்புக் கேட்டுப் பதில் எழுதினார். தாம் அதேபோல் மாற்றிய இன்னும் ஆறு இடங்களின் பட்டியலையும் கொடுத்தார். ஆறும் பிறைவடிவம். மூன்றைத் திருத்திவிட்டேன். மற்ற மூன்றும் பரமக்குடிப் பக்கம் இருக்கின்றன, போய்ப் பார்த்து, ஊர்க்காரர்களிடம் பெயர் கேட்டுத்தான் போட வேண்டும்.

நேற்று இரவு பெரியப்பா பேரன் கைபேசியில் பேசினார். அவன் வரைபடத்தைப் பெரிதாக்கிக் காட்டியிருக்கிறான். புளியடி மடையும் அய்யனார் மடையும் இடம் மாறிக் கிடக்கின்றன என்றார். "அய்யனாருக்கு வடக்கே இருப்பதுதான் புளியடி. மரத்தை வெட்டி முப்பது வருடமாகிறது, அதனால் உனக்குத் தெரிந்திருக்காது." ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். வெயில் ஏறுவதற்குள் வந்துவிடு, கடைமடைக்கு மண்வெட்டி எடுத்து வைக்கிறேன் என்றார்.