சம்பளம் போட்டவனின் நாட்குறிப்பு

14.6.2024, வெள்ளி

மூன்றரை மணிக்குக் கூப்பிட்டார்கள். ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் பதினொன்றரை வருடம் சம்பளப் பிரிவில் இருந்தவன் நான். யாரை வேலையை விட்டு அனுப்பப் போகிறார்கள் என்பது எனக்கு முதல் நாளே தெரிந்துவிடும். கணக்கு நான்தானே போட வேண்டும். இந்தத் தடவை ஷீட் என் மேஜைக்கு வரவில்லை. அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

நோட்டீசுக்குப் பதில் ஒரு மாதச் சம்பளம். ராஜினாமா என்று எழுதிக் கொடுத்தால் நல்லபடியாக முடித்துக்கொள்ளலாம் என்றார்கள். எழுதவில்லை. இதே தாளை எத்தனை பேரிடம் நானே நீட்டியிருக்கிறேன் என்பது பஸ்ஸில் வரும்போதுதான் ஞாபகம் வந்தது.

16.6.2024, ஞாயிறு

பெரிய மகளின் பழைய கணக்கு நோட்டில் எழுதிப் பார்த்தோம். வீட்டுக் கடன் தவணை 16,800. ஏலச்சீட்டு 5,000. பள்ளிக்கூடம், மளிகை, பால், கேஸ், கரண்ட், அம்மாவுக்கு சுகர் மாத்திரை. எல்லாம் சேர்ந்து 43 ஆயிரம் வந்தது. வங்கியில் இருப்பது 71 ஆயிரம்.

என் மனைவி, இவளுக்குத் தெரியாத கணக்கு ஒன்றும் இருந்தது. கிரெடிட் கார்டில் 62 ஆயிரம் நிலுவை. எட்டு மாதமாக குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். வட்டி மாதத்துக்கு மூன்றரை சதவீதம், வருடத்துக்கு நாற்பத்திரண்டு. கந்துவட்டி என்று ஊரைத் திட்டுகிறவன் நான்.

சொல்லிவிட்டேன். வேலை போனதைக் கேட்டபோது கூட இவள் முகம் அப்படி ஆகவில்லை. ராத்திரி விளக்கை அணைத்த பிறகு, "நெக்லஸ் சும்மாதானேங்க இருக்கு" என்றாள்.

20.6.2024, வியாழன்

கம்பெனி எடுத்துக் கொடுத்த மருத்துவக் காப்பீடு வேலையோடு சேர்ந்து போய்விட்டது. அதே காப்பீட்டு நிறுவனத்திலேயே தனிப் பாலிசியாக மாற்றித் தரச் சொல்லி மனு போட்டேன். அப்படி மாற்றினால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தில் பழைய வருடங்களையும் கழிப்பார்கள். பிரீமியம் கசக்கிறது. ஆனால் அம்மாவை வைத்துக்கொண்டு இதில் சிக்கனம் பார்க்க முடியாது.

29.6.2024, சனி

ரேஷன் கடை. இத்தனை நாள் சர்க்கரை மட்டும் வாங்கிக்கொண்டு, பருப்பை வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குக் கொடுத்துவிடுவோம். இந்த மாதம் மே மாதப் பருப்பையும் பாமாயிலையும் சேர்த்தே தருகிறார்கள் என்று அந்த அக்காதான் வந்து சொன்னார். கிலோ 30 ரூபாய். வெளியே நூற்றெழுபதுக்குக் குறையாது. அவர் முகத்தைப் பார்த்து இனிமேல் பருப்பு கிடையாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இவள்தான் சொன்னாள்.

3.7.2024, புதன்

செட்டில்மென்ட் தாள் வந்தது. கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, 1,52,308 என்று போட்டிருந்தார்கள். அடிப்படைச் சம்பளம் 24,000. அதைப் பதினைந்தால் பெருக்கி இருபத்தாறால் வகுத்தால் ஒரு வருடத்துக்கு 13,846 வரும். அதைப் பதினொன்றால் பெருக்கியிருக்கிறார்கள். நான் சேர்ந்தது 2012 நவம்பர். பதினோரு வருடம் ஏழு மாதம். ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் அதையும் முழு வருடமாக எடுக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. என் நாற்காலியில் இப்போது இருக்கும் பையனுக்கு போன் போட்டேன். "சார், நீங்களே சொல்லிக் குடுத்ததுதான், எப்படி விட்டேன்னு தெரியல" என்றான். தெரியாமல் விட்டான் என்றே வைத்துக்கொள்கிறேன்.

திருத்திய தொகை 1,66,154. வந்ததும் தனிக் கணக்கில் போட்டு வீட்டுத் தவணைக்கு மட்டும் என்று முடிவு செய்தோம். ஒன்பது தவணை தாங்கும்.

10.7.2024, புதன்

கூட்டுறவு வங்கி. நகை மதிப்பிடுகிறவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கறுப்பு உரைகல்லில் நெக்லஸின் கொக்கிப் பக்கத்தை ஒரு இழு. பக்கத்தில் தன்னிடம் இருந்த தங்கக் கம்பியால் இன்னொரு இழு. இரண்டு கோட்டின் மேலும் ஒரு சொட்டு அமிலம் விட்டுத் தலையைச் சாய்த்துப் பார்த்தார். அந்த அரை நிமிடம் இவள் மூச்சே விடவில்லை. கல்யாணத்துக்கு மாமனார் கடன் வாங்கிச் செய்த நகை. செம்பு அதிகமாக இருந்துவிட்டால் கௌரவம் என்ன ஆகும் என்று பயந்தாளாம். வெளியே வந்த பிறகு சொன்னாள்.

மொத்த எடை 25.4. கல்லுக்கும் அரக்குக்கும் 3.4 கழித்து 22 கிராம். கிராமுக்கு 4,700. "ஒரு லட்சத்துக்கு மேல வரும், முழுசாப் போட்டுடலாமா சார்?" என்றார் கிளார்க். ஆகட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். "அறுபத்தஞ்சு போதும்" என்று இவள் முந்திக்கொண்டாள்.

சாயந்திரமே கார்டை அடைத்து, கணக்கையும் முடிக்கச் சொல்லிவிட்டேன். மாதம் 2,170 ரூபாய் வட்டி போன இடத்தில் இனி 515. நகைக்கடனுக்கு ஒன்பதரை சதவீதம்தான்.

23.7.2024, செவ்வாய்

பட்ஜெட்டில் தங்கத்துக்கான இறக்குமதி வரியை 15 சதவீதத்திலிருந்து 6 ஆக்கிவிட்டார்கள். ஒரே நாளில் சவரனுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் இறங்கியது. எதிர்வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார்கள், ஒரே கொண்டாட்டம். "நாமதாங்க நல்ல விலைக்கு வெச்சிருக்கோம்" என்று இவள் சிரித்தாள். ஜூன் 14-க்குப் பிறகு இன்றுதான் சிரித்தாள்.

கரண்டும் ஏறிவிட்டது, யூனிட் 4.60 ரூபாய் இருந்தது 4.80.

5.8.2024, திங்கள்

ஏலச்சீட்டு பதின்மூன்றாவது மாதம். இப்போது எடுத்தால், ஏலத்தில் விட்டுக்கொடுக்கும் தள்ளு போக 88 ஆயிரம் கையில் வரும் என்றார் சீட்டுக்கார அக்கா. ஆனால் எடுத்தபின்னும் மீதி ஏழு மாதம் ஐயாயிரம் கட்டியாக வேண்டும். அதுவும் கடன்தான், பெயர்தான் வேறு. எடுக்கவில்லை.

தாம்பரத்தில் ஒரு ஆடிட்டர் அலுவலகம். சின்னக் கம்பெனிகளுக்கு பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) கணக்கு போட்டுக்கொடுக்கும் வேலை, 19 ஆயிரம். சரி என்றேன்.

20.8.2024, செவ்வாய்

பி.எஃப். இணையப் பக்கத்தில் நான் வெளியேறிய தேதியைக் கம்பெனி இன்னும் ஏற்றவில்லை. இரண்டு மாதம் ஆனால் நாமே போட்டுக்கொள்ளலாம். நான் மற்றவர்களுக்கு மாதாமாதம் ஏற்றிய தேதி. 14-06-2024 என்று அடித்தேன், ஓ.டி.பி. வந்தது, முடிந்தது.

2024-ல் உள்ள விதிப்படி, பி.எஃப். பிடிக்கிற வேலை இரண்டு மாதம் இல்லாவிட்டால் முழுத் தொகையையும் கேட்கலாம். நாலரை லட்சத்துக்கு மேல் இருக்கிறது, வட்டி 8.25. முன்பெல்லாம் வெளியே போகிறவர்களிடம் எடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். வெல்டிங் பிரிவில் ஒரு பெரியவர் ஒருமுறை, "உங்களுக்கு ஒண்ணாம் தேதி சம்பளம் வருது சார், சொல்லுவீங்க" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார்.

பணம் கேட்கும் பக்கத்தைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மூடினேன். தவணை போக மற்ற செலவுக்கு மாதம் ஏழாயிரம் துண்டு விழுகிறது. தீபாவளி வரை பார்ப்போம் என்கிறாள் இவள்.