பழைய போர் வீல் வண்டி தேடல்: அடியில் படுத்துப் பார்த்தவை

நாலு வீலுக்கும் இன்ஜின் இழுவை போகிற பழைய போர் வீல் வண்டி ஒன்று வாங்கத் தேட ஆரம்பித்ததிலிருந்து இன்று வரை பார்த்ததை எழுதி வைக்கிறேன், திருநெல்வேலிப் பக்கம் இதே எண்ணத்தில் இருக்கிறவர்களுக்கு உதவும். விற்கிறவர்கள் எல்லாரும் முதலில் பானெட்டைத்தான் திறந்து காட்டுகிறார்கள். நான் இப்போது முதலில் கேட்பது, இத்தனை வருஷம் வண்டி எங்கே ஓடியது என்று. எந்தப் பாகம் போயிருக்கும் என்பது அது ஓடிய மண்ணைப் பொறுத்தது.

உவரிப் பக்கம் ஒரு மஹிந்திரா ஜீப் பார்த்தோம். புது பெயின்ட், ஒரே செல்ஃபில் பிடித்தது. ஆனால் கடற்கரையில் படகு இழுத்த வண்டி. கூட வந்த மெக்கானிக் அண்ணாச்சி இன்ஜின் பக்கமே போகாமல் சின்னச் சுத்தியலோடு அடியில் படுத்துவிட்டார். வண்டியின் அடிச்சட்டமான சேஸை நீளத்துக்குத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இரும்பு ணங்கென்று சொல்லும், அரித்த இடம் பொத்தென்று கேட்கும். பின்பக்க ஸ்பிரிங் பட்டை மாட்டும் பிராக்கெட்டுக்கு மேலே திருப்புளி அப்படியே உள்ளே இறங்கியது. பெட்டி போல மூடிய சேஸில் உப்புத் தண்ணீர் உள்ளே தங்கி உள்ளிருந்தே அரிக்கும், வெளியே அடித்த பெயின்ட்டைப் பார்த்துப் பிரயோஜனமில்லை. "தம்பி, இன்ஜினை எப்ப வேணும்னாலும் செஞ்சுக்கிடலாம், சேஸ் போன வண்டி நமக்கு எதுக்கு?" என்றார். கிளம்பிவிட்டோம்.

பாளையங்கோட்டையில் ஒரு மஹிந்திரா தார் ஜீப். வாங்கியதிலிருந்து போர் வீல் போட்டதே இல்லையாம், அதைப் போடும் லீவரும் அசையவில்லை. அதையும் விட்டோம். திசையன்விளைப் பக்கம் தேரி என்கிற செம்மணல் மேட்டில் ஓடிய வண்டி என்றால் ஏர் ஃபில்டரைக் கழற்றி, அதைத் தாண்டிய குழாயில் விரலால் தடவிப் பாருங்கள். செம்மண் ஒட்டினால் சிலிண்டரும் ரிங்கும் தேய்ந்திருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம்தான் அம்பாசமுத்திரத்தில் அந்த மாருதி ஜிப்ஸி கிங், 1,298 சிசி பெட்ரோல், மலை ஏறி இறங்கிய வண்டி. நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று முந்தின நாளே சொல்லியிருந்தோம், பானெட்டில் கை வைத்தால் குளிர்ந்துதான் இருந்தது. ஸ்டார்ட் ஆனதும் கொஞ்சம் நீலப் புகை வந்து நின்றுவிட்டது, அது வால்வு சீல். மிதிக்க மிதிக்க நீலமாகவே வந்தால் ரிங், அது பெரிய செலவு. ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளிருந்து காற்றைத் தள்ளும் பேக் கம்ப்ரஷன் அதிகம் இல்லை, ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய்ப் படலமும் இல்லை. இன்ஜினுக்கு அவ்வளவுதான் நேரம் கொடுத்தோம்.

மீதி நேரமெல்லாம் அடியில். முன் வீலை ஜாக்கி வைத்துத் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இருந்தது. அண்ணாச்சி என்னைப் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டினார். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங், அப்போதும் ஆடினால் வீல் திரும்புகிற அச்சில் இருக்கும் கிங் பின் பேரிங். இதில் கிங் பின். ஆக்சில் முனையில் கிங் பின் நிற்கும் உருண்டைப் பகுதியைச் சுற்றி கிரீஸோடு கியர் ஆயிலும் கசிந்திருந்தது, அதனால் உள்ளே ஆக்சில் சீலும் போயிருக்கிறது. ஓனரிடம் கேட்டுவிட்டு ஆக்சில் நடுவில் பல்சக்கரங்கள் இருக்கும் டிஃபரன்ஷியலின் ஆயில் பிளக்கைத் தளர்த்தினோம், பின்பக்கம் சரி, முன்பக்க ஆயில் வெளுத்துப் பால் கலந்த நிறத்தில் வந்தது. எங்கேயோ ஓடையில் இறங்கித் தண்ணீர் புகுந்திருக்கிறது.

ஜிப்ஸியில் முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர் பாக்ஸோடு ஒட்டியிருக்காது, தனியாக ரப்பர் மவுன்ட்டில் நிற்கும், இரண்டுக்கும் நடுவில் ஒரு குட்டி ஷாஃப்ட். ஆக்சிலேட்டரை மிதித்து விடும்போது 'டொக்' என்று அடித்தால் அந்த ரப்பரையும் ஷாஃப்ட்களின் மூட்டான கிராஸையும் பார்க்க வேண்டும். இதில் கிராஸ் நன்றாக இருந்தது, மவுன்ட் வெடித்திருந்தது.

போர் வீல் உண்மையிலேயே சேருகிறதா என்று பார்க்க ஒரு வழி எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. பின் வீல்களுக்குக் கல் வைத்து, இன்ஜினை ஆஃப் செய்து, கியரில் போட்டு, ஒரே ஒரு முன் வீலை மட்டும் தூக்குங்கள். டூ வீலில் அது கையால் சுற்றும். போர் வீல் போட்டதும் சுற்றக் கூடாது (முன் வீலை ஆக்சிலோடு சேர்க்கும் ஹப் லாக் இருந்தால் அதையும் பூட்டிவிட வேண்டும்). பிறகு வயலோரத்து மண் பாதையில் லோ கியரில் ஏற்றி, மிதித்து மிதித்து விட்டுப் பார்த்தோம், லீவர் துள்ளி வெளியே வரவில்லை. இதைக் காய்ந்த தார் ரோட்டில் வளைத்து ஓட்டிப் பார்க்காதீர்கள், முன்னும் பின்னும் வீல்கள் ஒன்றையொன்று முறுக்கும், நல்ல வண்டியும் கெடும்.

ஆர்.சி. புக்கில் இன்ஜின் நம்பரும் சேஸ் நம்பரும் ஒத்துப்போயின. நம் பக்கம் இன்ஜின் மாற்றிய ஜீப் நிறைய ஓடுகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி மாற்றம் ஆர்.சி.யில் ஏறாமல் இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

பழுதுகளை ஒவ்வொன்றாகக் காட்டிப் பேசியதில் விலை நன்றாகவே இறங்கியது, வாங்கிவிட்டேன். கிங் பின் பேரிங்கும் ஆக்சில் சீலும் இரண்டு பக்கமும் மாற்றியாயிற்று. முன் டிஃபரன்ஷியல் ஆயிலை வடித்துப் புதிதாக ஊற்றி, கொஞ்சம் ஓட்டிவிட்டு மறுபடியும் வடித்தோம், இப்போது நிறம் தெளிந்துவிட்டது. தண்ணீர் புகுந்த, ஆக்சிலுக்குக் காற்றுப் போக்கியான பிரீதர் குழாயை உயரமாக ஏற்றிக் கட்ட வேண்டும், டிரான்ஸ்ஃபர் கேஸ் மவுன்ட்டுக்குக் கடையில் சொல்லி வைத்திருக்கிறேன்.