கர்ப்பகாலச் சர்க்கரை: குளுக்கோஸ் தண்ணீர் முதல் பிரசவத்துக்குப் பிந்தைய ஆறாவது வாரம் வரை

கர்ப்பம் உறுதியானதும் எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்து, கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் பதிவு எண்ணான பிக்மி எண் வாங்கினேன். அன்றைக்கே குளுக்கோஸ் டெஸ்ட் எடுத்தார்கள். 75 கிராம் குளுக்கோஸை ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, ஐந்து பத்து நிமிடத்தில் மெதுவாகக் குடித்து முடிக்கச் சொன்னார்கள். இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். நான் காலையில் சாப்பிட்டுவிட்டுத்தான் போயிருந்தேன். "சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லைம்மா, இந்த டெஸ்ட்டுக்கு வெறும் வயிறு வேண்டாம்" என்றார் நர்ஸ் அக்கா. அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் மட்டும் மறுநாள் திரும்ப வர வேண்டும்.

இந்த முறைக்குப் பின்னால் இருப்பவர் சென்னையைச் சேர்ந்த சர்க்கரை மருத்துவர் வீ. சேஷய்யா. மசக்கையோடு வெறும் வயிற்றில் பஸ் பிடித்து வரச் சொன்னால் எத்தனை பெண்கள் வருவார்கள்? வந்த அன்றே பார்த்துவிடலாம் என்பதுதான் இதன் பலம். அவர் பிறந்த நாளான மார்ச் 10-ஐ நம் நாட்டில் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறார்கள்.

முதல் டெஸ்ட் சரியாக இருந்தது. 24 வாரத்துக்கு மேல் மறுபடி எடுத்தபோது 148 வந்தது. 140-ஐத் தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரை என்று எழுதிவிடுகிறார்கள். தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கும் உறவுக்காரப் பெண் ஒருத்தி, "எங்க லேப்ல 153 வரைக்கும் நார்மல்தான்" என்றாள். அவள் சொன்னது வேறு டெஸ்ட். அதில் வெறும் வயிற்றில் ஒன்று, ஒரு மணி நேரத்தில் ஒன்று, இரண்டு மணி நேரத்தில் ஒன்று என மூன்று முறை ரத்தம் எடுப்பார்கள். அதற்கான அளவுகள் 92, 180, 153. இரண்டையும் கலந்து பார்க்கக் கூடாது என்று டாக்டர் விளக்கிய பிறகுதான் வீட்டில் ஒப்புக்கொண்டார்கள்.

எங்கள் வீட்டில் யாருக்கும் சர்க்கரை கிடையாது, நான் குண்டும் இல்லை, பிறகு ஏன் என்று கேட்டேன். நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடுவதில்லை, மாதம் ஏற ஏற அது கூடும் என்றார் டாக்டர். அம்மாவின் கணையம் ஈடு கொடுத்துக் கூடுதலாகச் சுரந்துவிட்டால் பிரச்சினை இல்லை. முடியாதபோது ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. அந்தச் சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போய்விடும், ஆனால் அம்மாவின் இன்சுலின் போகாது. அதனால் குழந்தை தன் கணையத்திலிருந்தே அதிகமாகச் சுரக்கிறது. அளவுக்கு மீறி எடை போடுவதும், பிறந்தவுடன் அதற்குச் சர்க்கரை தாழ்ந்துபோவதும் அதனால்தான்.

முதல் இரண்டு வாரம் சாப்பாட்டை மாற்றிப் பார்க்கச் சொன்னார்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120-க்குள் இருக்க வேண்டும், வெறும் வயிற்றில் 95-க்குள். கணவர் குளுக்கோமீட்டர் வாங்கி வந்தார். ஸ்டிரிப் விலை கொஞ்சம் கூடத்தான். ஆனால் எனக்கு எந்தச் சாப்பாடு ஆகிறது, எது ஆகவில்லை என்பதை எந்த டயட் சார்ட்டையும்விட அந்த மீட்டர்தான் காட்டிக் கொடுத்தது. கையைக் கழுவித் துடைத்துவிட்டு, விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. பழம் நறுக்கிய கையோடு குத்தினால் அளவு பொய்யாக ஏறும்.

நான்கு இட்லியும் தேங்காய்ச் சட்னியும் 171-க்குக் கொண்டுபோயின. இரண்டு இட்லி, கிண்ணம் நிறைய காய் போட்ட சாம்பார், ஒரு அவித்த முட்டை என்று மாற்றியதும் 118. பதினொரு மணிவாக்கில் பசித்தால் ஒரு கிண்ணம் சுண்டல். கேழ்வரகு நல்லது என்று அத்தை ஆசையாகக் காய்ச்சித் தந்த கஞ்சி எனக்கு 165-ஐக் காட்டியது. கேழ்வரகின் மேல் குறையில்லை. மாவாக அரைத்து, நீர்க்கக் காய்ச்சி, மடமடவென்று குடித்தால் எந்தத் தானியமானாலும் சீக்கிரம் ரத்தத்தில் ஏறிவிடும். அதே கேழ்வரகு மாவில் முருங்கைக்கீரை போட்ட அடையைக் கொஞ்சமாகச் சாப்பிட்டால் அவ்வளவு ஏறவில்லை. மதியம் ஒரு கப் சாதம், அதைவிட அதிகமாகக் கூட்டும் பொரியலும், கடைசியில் மோர் என்று சாப்பிட்டபோது 113 தான் வந்தது. அதே அளவு மாவுச்சத்தைக் காலையில் சாப்பிட்டால் தாங்காத உடம்பு மதியம் தாங்குகிறது. கர்ப்பத்தில் பலருக்கும் காலை நேரம்தான் முரண்டு பிடிக்குமாம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பயத்தில் சோற்றை அடியோடு நிறுத்திவிடாதீர்கள். கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு 175 கிராமாவது மாவுச்சத்து வேண்டும் என்பது உணவியலாளர்களின் கணக்கு. பட்டினி கிடந்தால் மீட்டரில் எண் அழகாகத் தெரியும், ஆனால் உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கி, கீட்டோன் என்ற கழிவு ரத்தத்தில் ஏறும். "ரெண்டு உயிருக்குச் சாப்பிடணும்" என்று என் தட்டை நிரப்பிய அம்மாவிடமும், "சோத்தையே தொடாதே" என்ற பக்கத்து வீட்டு அக்காவிடமும் நான் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். வளைகாப்பில் ஐந்து வகைக் கலவை சாதம் வைத்தார்கள். எல்லாவற்றிலும் ஒரு கரண்டி எடுத்துக்கொண்டு, வந்தவர்கள் கிளம்பியதும் கணவரோடு தெருவைச் சுற்றி நடந்தேன். சாப்பிட்ட பிறகு கால் மணி நேரம் நடப்பது எனக்கு நன்றாகவே கைகொடுத்தது.

சாப்பாட்டுக்குப் பிந்தைய அளவுகள் அடங்கிவிட்டன. வெறும் வயிற்று அளவு மட்டும் 100-க்குக் கீழே இறங்கவே இல்லை. இரவு முழுக்கக் கல்லீரல் விடும் சர்க்கரை அது, சாப்பாட்டைக் குறைத்து அதை இறக்க முடியாது என்று சொல்லி, படுக்கும் முன் போட இன்சுலின் எழுதினார் டாக்டர். "ஊசி ஆரம்பிச்சா ஆயுசுக்கும் போடணுமே, டாக்டர்?" என்று அத்தை கண்ணீர் விட்டுவிட்டார். "நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் பெரும்பாலும் நிறுத்திடுவோம்மா. இது பிள்ளைக்குப் போகவும் போகாது" என்றார் அவர்.

கலங்கலான மருந்து. குப்பியைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்ட வேண்டும். குப்பியில் 40 யூனிட் என்று போட்டிருந்தால் சிவப்பு மூடி போட்ட 40 யூனிட் சிரிஞ்சுதான் வாங்க வேண்டும். ஆரஞ்சு மூடி 100 யூனிட் மருந்துக்கானது. மாற்றி வாங்கினால் அளவு தலைகீழாகிவிடும். கடையில் அவசரத்தில் எடுத்துத் தருவார்கள், நாம்தான் பார்க்க வேண்டும். மருந்தை ஃப்ரிட்ஜ் கதவுத் தட்டில் வைத்தேன், ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. கை நடுங்கி வியர்த்து, அளவு 70-க்குக் கீழே போனால் ஒரு டம்ளர் தண்ணீரில் மூன்று ஸ்பூன் குளுக்கோஸ் கலந்து குடித்துவிட்டு, கால் மணி நேரத்தில் மறுபடி பார்க்கச் சொல்லியிருந்தார்கள். எனக்கு அது தேவைப்படவில்லை என்றாலும் பையில் குளுக்கோஸ் பொட்டலம் எப்போதும் இருந்தது.

39-வது வாரத்தில் வலி வரவைத்துப் பிரசவம் பார்த்தார்கள். சுகப்பிரசவம், பெண் குழந்தை, மூன்று கிலோவுக்குச் சற்று மேல். முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே தாய்ப்பால் கொடுக்க வைத்து, குதிகாலில் குத்திக் குழந்தையின் சர்க்கரையைப் பார்த்தார்கள். பிஞ்சுக் காலில் ஊசியா என்று மனசு பதறியது. ஆனால் அந்த நேரத்தில் தாழ்ந்துபோனால் உடனே தெரிய வேண்டுமே. அளவு சரியாக இருந்தது. அன்றோடு என் இன்சுலினும் நின்றது.

எல்லாரும் இத்தோடு முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். நான் இதை எழுத உட்கார்ந்ததே இனிமேல் வருவதற்காகத்தான். பிரசவமான ஆறாவது வாரத்தில் மறுபடி 75 கிராம் குளுக்கோஸ் குடித்துப் பார்க்க வேண்டும். இந்த முறை வெறும் வயிற்றில். எனக்கு யாரும் போன் செய்து நினைவூட்டவில்லை. ஒரு தனியார் லேபில் கேட்டபோது, "குழந்தைதான் பிறந்தாச்சே, இனி எதுக்கு?" என்று திருப்பி அனுப்பினார்கள். அதே ஆறாவது வாரத்தில்தான் குழந்தைக்குத் தடுப்பூசியும் போட வேண்டியிருந்தது. அன்றைக்கே எனக்கும் டெஸ்ட் எடுக்கும்படி சுகாதார நிலையத்தில் பேசி வைத்துக்கொண்டேன். கிளம்பும் முன் பால் கொடுத்தேன், காத்திருந்த இரண்டு மணி நேரத்தில் மறுபடி கொடுத்தேன். அம்மா கூட வந்ததால் சமாளிக்க முடிந்தது.

வெறும் வயிற்றில் 94, இரண்டு மணி நேரத்தில் 146. 140-க்குள் வந்திருந்தால் நார்மல், 200-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். நான் இடையில் இருக்கிறேன். கர்ப்பகாலச் சர்க்கரை வந்த பெண்களுக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு மடங்குக்கும் மேல் என்று 2009-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு சொன்னது. தடுப்பூசி போடும் நாளில் அம்மாவுக்கும் இந்த டெஸ்ட்டைச் சேர்த்து எடுத்துவிட்டால் எத்தனை பேர் முன்கூட்டியே தெரிந்துகொள்வார்கள்! என் தோழிகளில் இரண்டு பேருக்கு இப்படி ஒரு டெஸ்ட் இருப்பதே நான் சொல்லித்தான் தெரியும்.

இப்போது வருஷத்துக்கு ஒரு முறை பார்க்கிறேன். சாம்பாரும் முட்டையும் இட்லித் தட்டில் அப்படியே நிலைத்துவிட்டன. அடுத்த குழந்தைக்குத் திட்டமிட்டால் அதற்கு முன்பே ஒரு முறை பார்த்துக்கொண்டு, முதல் நாளே டாக்டரிடம் பழைய ரிப்போர்ட்டைக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். குழந்தையின் தடுப்பூசி அட்டையோடு அதையும் ஒரே கவரில் வைத்திருக்கிறேன்.