காணாதே போதியோ பூம்பாவாய்

மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் பங்குனிப் பெருவிழாவில் எட்டாம் நாள் காலை, பூம்பாவை உயிர்பெற்று எழும் ஐதீகம் திருக்குளக்கரையில் நடைபெறும். இவ்வாண்டு அதைத் தரிசிக்க அம்மாவுடன் சென்றிருந்தேன். தங்கை மறைந்த பிறகு எங்கள் வீட்டில் ஓராண்டு எந்தப் பண்டிகையும் இல்லை. தலைத்திவசம் முடிந்தபின் அம்மா காண வந்த முதல் திருவிழா இதுதான்.

மலர் கொய்யச் சென்ற இடத்தில் அரவு தீண்டி இறந்த மகள் பூம்பாவையின் சாம்பலையும் எலும்பையும் குடத்திலிட்டுப் பாதுகாத்த மயிலை வணிகர் சிவநேசரையும், அக்குடத்தின் முன் நின்று திருஞானசம்பந்தர் பாடியதையும் பெரியபுராணத்தில் சேக்கிழார் விரித்துரைக்கிறார். இரண்டாம் திருமுறையில் உள்ள அப்பதிகத்தை ஓதுவார் அன்று பாடக் கேட்டபோதுதான், அதில் இரங்கலோ, நிலையாமை பற்றிய உபதேசமோ, ‘எழுந்து வா’ என்ற கட்டளையோ இல்லை என்பது எனக்கு உறைத்தது. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, ஆதிரை, நெய் மணக்கும் பொங்கலோடு வரும் தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று ஊரின் விழாக்களை மாதந்தோறும் அடுக்கி, இவற்றையெல்லாம் காணாமலா போகிறாய் என்று அந்தப் பெண்ணையே கேட்கிறார் சம்பந்தர். சாவு நுழைந்த வீட்டில் முதலில் நின்றுபோவது விழாதான்; அவர் அதையே எடுத்து நீட்டுகிறார்.

‘விளக்கீடு காணாதே போதியோ பூம்பாவாய்’ என்ற அடி வந்தபோது அம்மா அழுதார். கார்த்திகைக்கு வாசலெங்கும் அகல் வைப்பது தங்கையின் வேலை. அவள் திரும்பி வரமாட்டாள் என்பதை அம்மா நன்கு அறிவார். ஆயினும் அப்பாட்டு உயிரோடு இருப்பவர்களையும் நோக்கிக் கேட்கப்பட்டது என்றே நான் நம்புகிறேன். மகளை இழந்தபின் விழாக்களைக் காணாமல் போய்க்கொண்டிருந்தவர் அம்மாவும்தான்.

‘ஊர்திரை வேலை உலாவும் உயர்மயிலை’ என்று சம்பந்தர் கண்ட கடலோரக் கோயிலும் இன்று இல்லை. அது போர்த்துக்கீசியர் காலத்தில் அழிந்தது. நாம் வணங்குவது பின்னர் எழுப்பப்பட்ட கோயில். பாட்டு சொன்ன பங்குனி விழாவோ மாட வீதிகளில் இன்றும் நிரம்பி வழிகிறது.

காலையிலேயே ஊர் திரும்புவதாக இருந்தோம். அறுபத்துமூவர் உலாவையும் பார்த்துவிட்டே போகலாம் என்று அம்மாதான் சொன்னார்.