நன்றாக வந்த மூலையை மூடுதல்

காகிதத் துண்டு, வண்ணம், மை எனப் பல பொருள்களை ஒரே படத்தில் சேர்க்கும் கலப்பு ஊடக ஓவியத்தைப் பற்றிப் பேச்சு வரும்போது, வெற்றுத்தாளைக் கண்டு எழும் அச்சத்தைத்தான் பலரும் முதலில் குறிப்பிடுகிறார்கள். எனக்கு அந்த அச்சம் பெரிதாகத் தோன்றியதில்லை. பழைய செய்தித்தாள் துண்டு ஒன்றை ஒட்டி, அதன்மேல் வண்ணத்துக்கு அடித்தளமாகப் பூசும் வெள்ளைப் பூச்சான ஜெஸ்ஸோவை அரைகுறையாகத் தேய்த்துவிட்டால் வெற்றுத்தாள் அத்துடன் தீர்ந்துவிடுகிறது. அதற்குத் துணிவு வேண்டியதில்லை, கை அசைந்தால் போதும். உண்மையான தயக்கம் வருவது மூன்றாவது அல்லது நான்காவது அடுக்குக்குப் பிறகுதான். ஏதோ ஒரு மூலையில், நாம் திட்டமிடாமலே, ஒரு நீலக் கறையும் கிழிந்த காகித விளிம்பும் அழகாகப் பொருந்திவிடுகின்றன. அந்தக் கணம் முதல் கை கட்டுண்டுபோகிறது. மீதித் தாள் முழுவதும் அந்த மூலைக்குச் சேவகம் செய்யத் தொடங்குகிறது. தூரிகை அதைச் சுற்றிச் சுற்றி வருகிறதே தவிர அருகே போவதில்லை. கடைசியில் ஒரு நல்ல மூலையும், அதைச் சுற்றி அஞ்சி அஞ்சி வரைந்த ஒரு படமும் எஞ்சுகின்றன.

இந்தத் தயக்கம் கலப்பு ஊடகத்தில்தான் மிகக் கடுமையாக வருகிறது என்று நினைக்கிறேன். பென்சிலால் ஒரு முகத்தை வரைகிறவருக்கு, நன்றாக அமைந்த கண் முன்பே வகுத்த திட்டத்தின் ஒரு பகுதி. அதைக் காப்பாற்றிக்கொண்டு மூக்குக்கும் வாய்க்கும் நகரலாம். அடுக்கு அடுக்காக வளரும் படத்தில் திட்டமே அடுக்குகளிலிருந்துதான் பிறக்கிறது. நான்காவது அடுக்கில் அந்த மூலை அழகாக இருந்ததற்குக் காரணம் அதன் அருகில் இருந்த வெறுமையும், எதிர்ப்புறத்தில் இருந்த கறுப்பும்தான். ஐந்தாவது அடுக்கு வந்து அவற்றை மாற்றியவுடன், யாரும் தொடாமலே அந்த மூலையும் மாறிவிடுகிறது. ஆகவே அதைப் பாதுகாப்பதாக நாம் எண்ணிக்கொண்டிருக்கும்போதே அது கைநழுவிப் போயிருக்கும். இதை உணர்ந்த பிறகு மூடுவது எளிதாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் மூடாமல் விடுவதற்கு நியாயம் கற்பிப்பது கடினமாகிவிட்டது.

இதற்கு இரண்டு வழிகளைக் கையாள்கிறேன். மூடுவதற்கு முன் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வது ஒன்று. எடுத்த படத்தைப் பெரும்பாலும் திரும்பப் பார்ப்பதில்லை. எங்கோ பதிவாகியிருக்கிறது என்ற நினைப்பு மட்டும் கைக்கு விடுதலை அளிக்கிறது. மற்றொன்று இன்னும் நேரடியானது: அந்த மூலையைக் கத்தரியால் வெட்டி எடுத்துவிடுவது. வெட்டி எடுத்தவுடன் அது ஒரு துண்டுக் காகிதமாகிவிடுகிறது, வேறொரு படத்தின் மூலப்பொருளாகிவிடுகிறது. எஞ்சிய தாளிலோ ஒரு ஓட்டை விழுகிறது. அந்த ஓட்டையை என்ன செய்வது என்ற கேள்வி, அந்த மூலையை எப்படிக் காப்பது என்ற கேள்வியைவிடப் பல மடங்கு சுவையானது.

அமெரிக்க ஓவியர் லீ கிராஸ்னர் இதைப் பெரிய அளவில் செய்தவர். 1950களின் தொடக்கத்தில், தம் பணியறைச் சுவர்களில் மாட்டியிருந்த கறுப்பு வெள்ளைச் சித்திரங்கள் பிடிக்காமல்போகவே, அவற்றைக் கிழித்துத் தரையில் எறிந்துவிட்டு வெளியேறினார். சில வாரங்கள் கழித்துத் திரும்பி வந்து பார்த்தபோது, தரையில் கிடந்த கிழிசல்கள் அவருக்கு ஆர்வமூட்டின. அவற்றை ஒட்டத் தொடங்கினார். அப்படி உருவான கொலாஜ்கள், அதாவது துண்டுகளை ஒட்டி ஆக்கிய படங்கள், 1955ஆம் ஆண்டு நியூயார்க்கின் ஸ்டேபிள் கேலரியில் காட்சிக்கு வந்தன. 1970களில், தம் மாணவப் பருவத்துக் கரிக்கோல் சித்திரங்களையே வெட்டி மற்றொரு வரிசையைப் படைத்தார். அடுக்கி வைத்திருந்த ஆண்டுகளில் ஒரு தாளின் கரி எதிர்த்தாளில் ஒட்டி மங்கலான கண்ணாடிப் பிம்பமாகப் பதிந்திருந்ததையும் அவர் விட்டுவைக்கவில்லை, அதுவும் படைப்புக்குள் வந்தது. முதல் முறை கிழித்தது கோபம். இரண்டாம் முறை வெட்டியது முடிவு. கோபத்தில் கிழிப்பது யாருக்கும் வரும். பல பத்தாண்டுகள் காத்த தாள்களைத் தெளிந்த மனத்தோடு கத்தரிக்கு முன் வைப்பதைத்தான் நான் துணிவு என்பேன்.

துணிவு என்றால் எதையும் யோசிக்காமல் பாய்வது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கொலாஜின் வரலாறு இதற்கு நேர்மாறானதைக் காட்டுகிறது. 1912ஆம் ஆண்டு வசந்தத்தில் பிக்காசோ, ஒரு முழத்துக்கும் குறைவான அகலமுடைய நீள்வட்டக் கித்தானில், பிரம்பு பின்னிய நாற்காலி இருக்கையின் படம் அச்சிடப்பட்ட எண்ணெய்த்துணியை ஒட்டி, சட்டத்துக்குப் பதிலாக ஒரு கயிற்றைச் சுற்றினார். அதே ஆண்டு செப்டம்பரில் பிரெஞ்சு ஓவியர் பிராக், மரத்தின் இழையோட்டம் அச்சிடப்பட்ட சுவர்க்காகிதத்தை வெட்டித் தம் கரிக்கோல் சித்திரத்தில் ஒட்டினார். இரண்டையும் திடீர்ப் பாய்ச்சல் என்று வருணிப்பது வழக்கம். ஆனால் பிராக்கின் தந்தையும் பாட்டனாரும் வீடுகளுக்கு வண்ணம் பூசி அலங்கரிக்கும் தொழில் செய்தவர்கள். அவரும் அத்தொழிலில் பயிற்சி பெற்றவர். ஈரமான வண்ணத்தின்மேல் சீப்பை இழுத்துப் பொய் மரத்தை உண்டாக்கும் உத்தி அவருக்குக் கைப்பழக்கம். எனவே அச்சிட்ட பொய் மரத்தைக் கண்டபோது அதைக்கொண்டு என்ன செய்யலாம் என்பது அவருடைய கைக்கு முன்பே தெரிந்திருந்தது. துணிவுக்குப் பின்னால் தொழில் இருந்தது.

என்னுடைய சிறிய அளவிலும் இதையே காண்கிறேன். எந்தப் பொருள் எதன்மேல் நிற்கும், எது உரிந்துவரும் என்று தெரியாதவரை ஒவ்வோர் அடுக்கும் சூதாட்டமாக இருக்கிறது, அதனால் கை நடுங்குகிறது. தெரிந்த பிறகு அதே செயல் விளையாட்டாகிவிடுகிறது. நீர்வண்ணம் காய்ந்த பிறகும் நீர் பட்டால் மீண்டும் கரையும். அக்ரிலிக்கிலோ நீர் ஆவியானவுடன் அதிலுள்ள பிசின் துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து படலமாகிவிடுவதால் பிறகு கரையாது. ஆகவே அக்ரிலிக் அடுக்கின்மேல் நீர்த்த நீர்வண்ணத்தை ஓடவிட்டு, பிடிக்காவிட்டால் ஈரத்துணியால் பெரும்பகுதியைத் துடைத்தெடுத்துவிடலாம். கீழே உள்ளது அப்படியே இருக்கும். இந்த ஒரே ஒரு செய்தி எனக்குக் கொடுத்த துணிவை எந்த ஊக்க உரையும் கொடுத்ததில்லை. எண்ணெய் வண்ணத்தை அக்ரிலிக்கின்மேல் பூசலாம். மாற்றிப் பூசினால் மேலடுக்கு சரியாகப் பிடிக்காது, நாளடைவில் உரியும். எண்ணெயும் மெழுகும் கலந்த வண்ணக்குச்சியான ஆயில் பேஸ்டல் முழுமையாகக் காய்வதே இல்லை என்பதால், அதை அடியில் வைத்து நீர்வண்ணத்தை விலக்கச் செய்யலாம் அல்லது கடைசியில் மேலே தீட்டலாம். நடு அடுக்காக வைத்து அதன்மேல் அக்ரிலிக்கைப் பூசுவது வீண் வேலை. செய்தித்தாளில் உள்ள லிக்னின் என்ற மரப்பொருள் ஒளி படப்பட மஞ்சளாகும். அந்த மஞ்சளையும் படத்தின் பகுதியாக ஏற்பவர் தாராளமாக ஒட்டலாம், ஏற்காதவர் அமிலமற்ற தாளில் அதைப் பிரதி எடுத்து ஒட்டலாம். லேசர் அச்சின் மை சூட்டில் உருகிப் பிடித்த பிளாஸ்டிக் பொடி என்பதால் நீரில் கலங்காது. அதனால்தான் லேசர் பிரதியை, கெட்டியான அக்ரிலிக் பசை போன்ற ஜெல் மீடியத்தின்மேல் முகங்குப்புற அழுத்தி, முற்றிலும் காய்ந்த பிறகு முதுகை நனைத்து விரலால் தேய்த்தால், காகிதம் உருண்டு உருண்டு வெளியேற உருவம் மட்டும் படலத்தில் தங்கிவிடுகிறது. எழுத்துகள் இடவலமாகப் புரண்டிருக்கும் என்பதை முன்பே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தாளையும் சொல்லியாக வேண்டும். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள நீர்வண்ணத்தாள் ஈரத்தையும் பசையையும் தாங்கும். மெல்லிய தாள் சுருண்டுகொள்ளும். சுருண்டால் பின்புறத்திலும் ஒரு தாளை ஒட்டி, இரு பக்க இழுப்பையும் சமப்படுத்தி, பாரம் வைத்துக் காயவிட்டால் பெரும்பாலும் நேராகிவிடும்.

விளையாட்டு என்றதும் விதியின்மை என்று பொருள்கொள்வதை நான் ஏற்பதில்லை. குழந்தைகள் விளையாடுவதைக் கவனித்தவர்களுக்குத் தெரியும், ஆடும் நேரத்தைவிட விதிகளை வகுத்துச் சண்டையிடும் நேரமே அதிகம். என்ன வேண்டுமானாலும் செய் என்று சொல்லப்பட்ட கை, தெரிந்ததையே திரும்பச் செய்கிறது. இன்று தூரிகை கூடாது, பழைய அட்டையின் விளிம்பும் கந்தல் துணியும் மட்டும்தான் என்று வகுத்துக்கொண்டால் அதே கை திண்டாடி, அந்தத் திண்டாட்டத்தில் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கிறது. ஒவ்வோர் அடுக்குக்குப் பிறகும் தாளைக் கால்வட்டம் திருப்பிவிடுவது இன்னொரு விதி. மேல் எது, கீழ் எது என்ற முடிவைக் கடைசிவரை தள்ளிப்போட இது உதவுகிறது. பகடையை உருட்டி அடுத்த பொருளைத் தேர்ந்தெடுப்பதும் உண்டு. எந்தப் பொருள் என்பதைப் பகடை சொல்லும், எங்கே என்பதை நான் சொல்வேன். ஓவியரும் சிற்பியுமான ஜான் ஆர்ப் 1916, 1917 வாக்கில், கிழித்த சதுரங்களைத் தற்செயலின் விதிப்படி அமைத்ததாகப் பெயரிட்டுப் படைத்த கொலாஜைப் பார்த்தால், சதுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் ஓரளவு ஒழுங்கோடுதான் நிற்கின்றன. தற்செயலுக்கும் ஒரு கை கொடுத்து உதவியிருக்கிறார் போலும். எனக்கு அதில் குறை தெரியவில்லை.

ஜெர்மானிய ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் விவரித்த நிகழ்ச்சி இதைவிடப் பயனுள்ளது. 1925 ஆகஸ்டில், கடலோர விடுதி ஒன்றில் மழை நாளில், தேய்ந்த தரைப்பலகைகளின் கோடுகள் அவரை விடாமல் ஈர்த்தன. தாள்களை அவற்றின்மேல் அங்கங்கே போட்டுக் கறுப்புப் பென்சிலால் தேய்த்தார். பதிந்த இழைகளில் காடுகளும் பறவைகளும் விலங்குகளும் தெரியத் தொடங்கின. பென்சிலும் தாளும் பலகையும் தவிர வேறெதுவும் அங்கே இல்லை. புதுப்புது மீடியங்களையும் முத்திரைகளையும் வாங்கிக் குவித்தால் பரிசோதனை தானாக வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இந்தப் பட்டியலின் சிறுமையைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். வாங்கிய விலையுயர்ந்த தாளை, தகுதியான படம் வரும்வரை என்று அலமாரியில் பூட்டிவைப்பது அச்சத்தின் மிக நாகரிகமான வடிவம்.

துணிவு வேகமாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 1941இல் பெரிய அறுவைச் சிகிச்சைக்கு உள்ளான பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ், பின்னாளில் கித்தானைக் குறைத்துக்கொண்டு, உதவியாளர்கள் குவாஷ் என்ற ஒளி ஊடுருவாத நீர்வண்ணம் பூசித் தந்த தாள்களைக் கத்தரித்துப் படைக்கத் தொடங்கினார். அந்தத் துண்டுகள் நேராக ஒட்டப்படவில்லை. குண்டூசியால் சுவரில் குத்தி, பார்த்து, இடம் மாற்றி, மீண்டும் குத்தி வைக்கப்பட்டன. இடம் மாறியதன் சாட்சியாகப் பல படைப்புகளில் குண்டூசித் துளைகள் இன்றும் தெரிகின்றன. அமெரிக்கக் கலைஞர் ராபர்ட் ராஷென்பெர்க் பழைய பொருள் கடையில் வாங்கிய பாடம் செய்யப்பட்ட ஆட்டை வைத்து 1955 முதல் 1959 வரை போராடினார். முதலில் சுவரையொட்டிய பலகையில் வைத்துப் பார்த்தார். பிறகு ஒரு டயரை ஆட்டின் இடுப்பில் மாட்டி நிமிர்ந்த பலகைக்கு முன் நிறுத்தினார். இறுதியில் பலகையைத் தரையில் கிடத்தி, மேய்ச்சல் நிலத்தில் நிற்பதுபோல் ஆட்டை அதன் நடுவில் நிறுத்தினார். பார்ப்பவருக்கு ஒரு நொடிக் குறும்பாகத் தோன்றும் படைப்புக்குள் நான்கு ஆண்டுப் பொறுமை அடங்கியிருக்கிறது. பசையைத் திறப்பதற்கு முன் துண்டுகளை வெறுமனே பரப்பி, ஓர் இரவு அப்படியே விட்டுவைப்பதை நானும் வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறேன். காலையில் பார்க்கும்போது அவற்றில் பாதி இடம் மாறும்.

கலையில் தவறு என்று ஒன்றே கிடையாது என்ற வாசகம் பயிற்சி வகுப்புகளில் அடிக்கடி காதில் விழுகிறது. நல்லெண்ணத்தில் சொல்லப்படுவதுதான், ஆனால் அது எனக்கு உதவியதில்லை. ஈரம் காயாமல் செம்மஞ்சளின்மேல் நீலத்தை இழுத்தால் சேறுதான் வரும். அதைச் சேறு என்று சொல்ல முடிந்தால்தான், அடுத்த முறை காயவிடுவதா, வேண்டுமென்றே சேறாக்குவதா என்று முடிவெடுக்க முடியும். எல்லாம் நன்று என்று சொல்லிக்கொள்பவருக்கு எதையும் மூடவேண்டிய தேவை எழுவதில்லை. படம் வளரும்போதே அதைப் பிறருக்குக் காட்டுவதிலும் இத்தகைய ஆபத்து உண்டு: பாராட்டுப் பெற்ற மூலையை மூடுவது, தனக்கு மட்டும் பிடித்த மூலையை மூடுவதைவிட இருமடங்கு கடினம். ஆகவே முடியும்வரை யாருக்கும் காட்டுவதில்லை.

தேறாத தாள்களை எறிவதில்லை, கிழித்துவிடுகிறேன். கிழிசல்களை நிறவாரியாகப் பிரித்து வைத்தால் பார்க்க அழகாக இருக்கிறது, தேடும்போது பயன்படுவதில்லை. ஒரு படத்தின் நடுவில் நிற்கும்போது நமக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் ஒரு நிறம் அல்ல, ஓர் இருட்டு அல்லது ஒரு வெளிச்சம். அதனால் இருண்டவை, இடைப்பட்டவை, வெளிறியவை என மூன்று உறைகளில் போட்டு வைக்கிறேன். இடைப்பட்டவற்றின் உறை எப்போதும் பிதுங்கிக்கொண்டிருக்கிறது. இருண்டவற்றின் உறை அடிக்கடி காலியாகிவிடுவதால், அதை நிரப்புவதற்கென்றே சில தாள்களில் கறுப்பு மையை விதவிதமாக இழுத்து, காய்ந்ததும் கிழித்துப் போடுகிறேன்.